முட்டைக் குழியில் வைத்த சாவி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட அது மேல். ஒரு ஃபிரிட்ஜிலிருந்து வந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைப்பதற்கென்று வரிசையாகக் குழிகள் இருக்குமே, அதில் ஒன்றிலிருந்து.

ஒரு திங்கட்கிழமை காலை நானும் எங்கள் படத்தின் டைரக்டரும் அவள் அறையில் கறுப்புத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஜன்னலை மூடிப் பகலை இரவாக்குவதற்காக வைத்திருந்த துணிகள். (சினிமா எடுப்பது என்றால் பெரும்பாலும் இதுதான், துணி மடிப்பது.) அவளுடைய போன் அடித்தது. கை இரண்டிலும் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அவளுடைய அக்கா பேசினாள்.

"ஏண்டி, எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒரு பைக் சாவி இருக்கே, யாரோடது?"

நான் சிரித்துவிட்டேன். அடடா, கதை கிடைத்துவிட்டது என்று அந்த நொடியே நினைத்தேன். டைரக்டர் சிரிக்கவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சாவி இன்னும் உள்ளே இருக்கிறது என்றால், ஃபிரிட்ஜ் சனிக்கிழமையிலிருந்து ஓடவில்லை என்று அர்த்தம்.

அது எப்படி அப்படி அர்த்தமாகும் என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போகுமுன் நல்லதாக ஒரு தொடக்கம் எழுதிவிடலாம் என்று பார்த்தேன்.

2

"மழை பெய்துகொண்டிருந்தது. அந்த வீட்டின் சமையலறையில் ஒரு பெண்—"

வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளைப் படித்துப் படித்து எனக்கே ஜலதோஷம் பிடித்துவிட்டது.

"அவனுடைய பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அவன் 'உஷ்'தான்—"

இது பரவாயில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் அவனைக் கதாநாயகன் என்று நினைத்துவிடுவீர்கள். நடந்ததைக் கேட்டதும் வில்லன் என்று மாற்றிக்கொள்வீர்கள். அவன் இரண்டும் இல்லை. சவுண்டு ரெக்கார்டிஸ்ட்.

"நல்ல படம் எடுக்கப் பணம் தேவையில்லை என்று நம்பிய சில பேர்—"

'நம்பிய' என்று எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. விட்டுவிடுவோம். தொடக்கம் இல்லாமலே இரண்டு பகுதிகள் வந்துவிட்டோம்.

3

குறைந்த செலவுப் படம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது கௌரவத்துக்காக. கேமராமேன் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்தார், கேமராவும் அங்கிருந்துதான் வந்தது, முதலாளிக்குத் தெரியாமல். கேமரா நகர வேண்டிய காட்சிகளுக்கு ஒரு பழைய ஆபீஸ் நாற்காலி. அதில் அவரை உட்காரவைத்துத் தள்ளுவோம். அதன் ஒரு சக்கரம் சரியில்லை, எப்படித் தள்ளினாலும் இடது பக்கமே இழுக்கும். ஆகவே எங்கள் படத்தில் கேமரா எப்போதும் இடது பக்கமே போகும். ஹீரோ வலது பக்கம் நடக்க வேண்டிய காட்சியை மாற்றி எழுதச் சொன்னார்கள். எழுதினேன். நான்தான் அந்தப் படத்தின் ரைட்டர். டீ வாங்கி வரச் சொல்லும்போதும் 'ரைட்டரே' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள்.

படத்தின் கதை, பேச்சை நிறுத்திவிட்ட ஒரு கணவன் மனைவியைப் பற்றியது. கணவன் பெட்டியுடன் வெளியேறுகிறான். மனைவி சமையலறையில் நின்று தனக்குத்தானே பேசுகிறாள். அதற்கு நான் ஒன்றரைப் பக்கம் வசனம் எழுதியிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. டைரக்டர் அதைப் படித்தாள். 'நல்லா இருக்கு ரைட்டரே' என்றாள். மேலிருந்து கீழாக ஒரே கோடு போட்டாள். ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதினாள்: மௌனம்.

அந்தச் சொல்தான் ஃபிரிட்ஜை நிறுத்தியது. என் ஒன்றரைப் பக்கம் அப்படியே இருந்திருந்தால் ஃபிரிட்ஜ் பாட்டுக்கு ஓடியிருக்கும், என் வசனத்துக்கு முன்னால் அதன் சத்தம் யார் காதிலும் விழுந்திருக்காது. (இதை நான் டைரக்டரிடம் இதுவரை சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன், அச்சில்.)

வீடு அவளுடைய அக்காவின் வீடு. வாடகை கேட்க மாட்டாள் என்பதே அதன் முதல் அழகு. கேட்கப் போனபோது நானும் கூட இருந்தேன். அக்கா யோசிக்கக்கூட இல்லை.

"எடுத்துக்கோங்க. வீடு ரொம்ப அமைதியா கிடக்கு. நாலு பேர் வந்து சத்தம் போட்டா நல்லாத்தான் இருக்கும்."

சனி, ஞாயிறு அவளும் கணவரும்* மாமியார் வீட்டுக்குப் போய்விடுவதாகவும், திங்கட்கிழமை காலை திரும்புவதாகவும் ஏற்பாடு.

* அக்காவின் கணவரை நாங்கள் எல்லோரும் மாமா என்போம். இந்தக் கதையில் அவருக்கு ஒரே ஒரு வசனம்தான். வாழ்க்கையிலும் அதற்கு மேல் பேச மாட்டார்.

4

உஷ் ஹெட்போனை மாட்டிவிட்டால் உலகமே அவனுக்கு விரோதி. மேல்வீட்டில் நாற்காலியை இழுத்தால் விரோதி, தெருவில் யாராவது தும்மினால் விரோதி. இவற்றை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அவனால் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவது.

எந்த வீட்டில் படமெடுத்தாலும் முதலில் சமையலறைக்குப் போய் அதைச் செய்வான். திரும்ப மாட்ட மறந்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு வழியும் வைத்திருந்தான். தன் பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் போட்டுவிடுவான். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. சாவியை எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே விளக்கு எரியாது. எரியாவிட்டால் ஞாபகம் வந்துவிடும். எத்தனையோ வீடுகளில் இதைச் செய்திருக்கிறான், ஒரு முறைகூடத் தப்பியதில்லை.

அந்தச் சனிக்கிழமை சாவியை முட்டைக் குழியில் வைத்தான். (இதைக் குறியீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கேதான் இடம் இருந்தது.)

மௌனக் காட்சியை எடுத்தோம். எடுத்ததும் உஷ் கையைத் தூக்கினான். "யாரும் அசையாதீங்க. ரூம் டோன்." ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. அதைத் தனியாகப் பிடித்துவைத்துக்கொண்டு, படத்தில் பேச்சு இல்லாத இடங்களில் ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். ஆகவே நாங்கள் அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றபடி ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மதியச் சாப்பாடு இன்னும் வரவில்லை. அது வராமலே போயிற்று என்பது வேறு விஷயம்.

பிறகு மழை கொட்டியது. வெளிக்காட்சியை நிறுத்தினோம். உஷ் தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நனைந்தால் மைக் போய்விடும்.

டைரக்டர் இரவல் காரில் வந்திருந்தாள். "வண்டி இங்கயே நிக்கட்டும், நாளைக்குத்தான் திரும்ப வரப்போறோமே. கார்ல ஏறு" என்றாள்.

அவன் ஏறினான்.

மறுநாள் ஹீரோவுக்குக் காய்ச்சல். யாரும் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

5

இந்தப் பகுதியில் உஷ்ஷின் பாத்திரத்தைச் சந்தேகிக்கலாம் என்று இருந்தேன். இவ்வளவு கவனமானவன் எப்படி மறந்தான்? வாசகர் நம்புவாரா? யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அவன் மறக்கவில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையைச் சாவியிடம் கொடுத்திருந்தான், சாவி அதை ஒழுங்காகச் செய்துகொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஃபிரிட்ஜை ஞாபகப்படுத்தச் சாவி இருந்தது. சாவியை ஞாபகப்படுத்த ஒன்றும் இல்லை.

யார் மேல் குற்றம்? டைரக்டரின் நல்ல மனசு மேல் என்று எழுதினால் அவள் என்னோடு பேச மாட்டாள். மழை மேல் எழுதலாம், அது கேட்காது.

6

நாங்கள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, போனில் தகவல் கேட்டு முன்னாலேயே வந்துவிட்ட உஷ் வாசலில் தன் பைக்கின் சீட்டைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"நேத்து முழுக்க எங்க வீட்டைத் தலைகீழாப் புரட்டிட்டேன் ரைட்டரே. அம்மாவோட அரிசி டப்பா வரைக்கும் பாத்தாச்சு. இது மட்டும் ஞாபகத்துக்கு வரலை."

சமையலறையில் அக்கா ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். பால் திரிந்து, கீரை கறுத்து, வாடை மூக்கைத் துளைத்தது. உஷ் சாவியின் தத்துவத்தை ஆதியோடந்தமாக விளக்கினான். அக்கா முழுசாகக் கேட்டாள்.

"சாரிக்கா" என்றாள் டைரக்டர். "பால், காய், எல்லாம் நான் வாங்கிக் குடுத்துடறேன்."

"பாலுக்கென்ன, கடைக்குப் போனா வருது." அக்கா கீழ்த்தட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேடை மேல் வைத்தாள். "இதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை."

டைரக்டர் மூடியைத் திறந்தாள். சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள், ஊசிகள்.

"என்னக்கா இது? யாருக்கு சுகர்?"

"சுகர் இல்லடி."

அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. டைரக்டர் ஓரத்தில் எழுதிய சொல் அந்தச் சமையலறையில் அப்போதுதான் முதல்முறையாகச் சரியாக அமைந்தது.

7

(இங்கே கதையை நிறுத்தி ஒரு சொல்லைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நம் மொழியில் 'விசேஷம்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'என்ன விசேஷம்?' என்று யாரும் யாரையும் கேட்கலாம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். கல்யாணமான பெண்ணிடம் கேட்கும்போது மட்டும் அதே சொல் குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும். 'விசேஷம் ஏதாவது உண்டா?' கேட்டுவிட்டுக் கண் ஒரு முறை அவள் வயிற்றுக்குப் போய்விட்டுத் திரும்பும். கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பாசமாகத்தான் கேட்பார்கள், அதுதான் கொடுமை.

அக்காவிடம் வருஷக்கணக்காகக் கேட்டார்கள். முன்பு இரண்டு முறை சிகிச்சை எடுத்தபோது எல்லோருக்கும் தெரியும். ஆகவே இரண்டு முறையும் அது பலிக்கவில்லை என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அவள் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை, இதுவே கடைசி என்று அவளும் மாமாவும் முடிவு செய்துகொண்டார்கள். யாருக்கும் சொல்லவில்லை, தங்கைக்குக்கூட. எப்போதாவது வந்தால் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கும் மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று மருந்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஒளித்துவைத்தாள். கருமுட்டை வளர்வதற்கான ஊசி. குளிரில் இருக்க வேண்டிய மருந்து. முதல் ஊசி அந்தத் திங்கட்கிழமை மாலை.

8

"என்கிட்ட ஏன்க்கா சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ வீட்டைக் கேட்டிருக்க மாட்ட."

"கேட்டிருக்கவே மாட்டேன்!"

"அதான் சொல்லலை." அக்கா துணியைப் பிழிந்தாள். "டாக்டர் தேதி சொன்னதுலேருந்து இந்த வீட்ல நாங்க ரெண்டு பேரும் சத்தமா நடக்கக்கூட பயந்துகிட்டு இருக்கோம். அவர் டம்ளரை மெதுவா வைக்கறாரு. நான் கதவை மெதுவா சாத்தறேன். நீங்க வந்து நாற்காலியைத் தள்ளிக்கிட்டு, கத்திக்கிட்டு, வீட்டை வீடா வச்சிருப்பீங்கன்னு பாத்தேன்."

நாங்களோ வந்து வேலை மெனக்கெட்டு, ஓடிக்கொண்டிருந்த ஒரே சத்தத்தையும் நிறுத்தியிருந்தோம்.

அக்கா மருத்துவமனைக்குப் போன் செய்தாள். நர்ஸ் பேசினார். கெட்டிருக்கும் என்றும் சொல்ல முடியாது, கெட்டிருக்காது என்றும் சொல்ல முடியாது, டாக்டர் மதியம்தான் வருவார். போனை வைத்துவிட்டு அக்கா உஷ்ஷைப் பார்த்தாள். அவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, என் ஃபிரிட்ஜை நிறுத்திட்டு அப்படி என்னதான் பிடிச்ச? போடு, கேக்கறேன்."

அவன் பையைத் திறந்து கருவியை எடுத்தான். ஹெட்போனை அக்காவின் காதில் மாட்டினான். ரூம் டோன். அவளுடைய சொந்தச் சமையலறை, ஒரு நிமிடம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

[இங்கே, அந்த ஒலியில் எங்கோ தூரத்தில் ஒரு குழந்தை சிரித்தது கேட்டதாக எழுதலாம். கை பரபரக்கிறது. எழுத மாட்டேன். அப்படி எதுவும் கேட்கவில்லை.]

"இது என்னப்பா, நடுவுல கர்ருனு ஒரு சத்தம்?"

"அது ரைட்டரோட வயிறுக்கா" என்றான் உஷ். "அன்னிக்கு யாரும் சாப்பிடலை."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகவே சிரித்தாள். "ஃபிரிட்ஜ்தான் ஓடலை, உங்க படமாவது ஓடுமா?" என்றாள். சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். ஹெட்போன் இன்னும் காதில் இருந்ததால், தான் எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. டைரக்டர் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. காலையில் சிரித்தவன் நான்.

எந்தச் சத்தத்தையும் பொறுக்காத உஷ், தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

9

மதியம் டாக்டர் போனில் சொன்னது இவ்வளவுதான்: மழை நாள், வெயில் இல்லை, மருந்து பிழைத்திருக்கலாம். உறுதி சொல்ல முடியாது. புது மருந்து வருவதற்குள் நாள் கடந்துவிடும். இன்றே தொடங்குவதா, அடுத்த மாதம் பார்ப்பதா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதற்கு மேல் நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் வடிவத்தில் அக்கா டப்பாவைக் குப்பையில் கொட்டிவிட்டு, "இனிமே இந்த வாசப்படி ஏறாத" என்று தங்கையிடம் சொல்கிறாள். நல்ல வசனம். ஆனால் அக்கா அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அவள் கோபத்தில் பாத்திரம் தேய்ப்பாள்.

இரண்டாவது வடிவத்தில் உஷ் எங்கெங்கோ அலைந்து மாலைக்குள் புது மருந்தைக் கொண்டு—

அவன் அலைந்தது நிஜம். எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே இதுவும் போயிற்று.

நடந்தது மூன்றாவது. மாமா வேலை முடிந்து வந்தார். அக்கா அவரைத் தனியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நாங்கள் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி கூடத்தில் நின்றோம். மாமா வெளியே வந்தார், நேராக உஷ்ஷிடம் போனார்.

"வண்டி ஸ்டார்ட் ஆச்சா?"

ஆகவில்லை. இரண்டு நாள் மழையில் நின்ற வண்டி. மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவரும் உஷ்ஷும் தெருமுனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அதை எப்படி எழுதுவது என்று தெரியாததால் அப்படியே சொல்லிவிட்டேன்.

அவர்கள் திரும்பி வந்ததும் அக்கா, வாடை போகத் திறந்துவைத்திருந்த ஃபிரிட்ஜின் பிளக்கை மாட்டினாள். அது ஒரு முறை உடம்பை உலுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பிறகு மேடையில் சாய்ந்து நின்று, மருந்தை ஊசியில் ஏற்றினாள்.

"இன்னொரு மாசம் காத்துக்கிட்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. வர்றது வரட்டும்" என்றாள். ஊசியை வயிற்றருகே கொண்டுபோனவள் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கற? ஆக்‌ஷன் சொல்லு."

டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றாள்.

கட் சொல்ல மறந்துவிட்டாள்.

10

படம் முடிந்தது. அந்த வீட்டில் அதன்பின் எடுத்த எந்தக் காட்சிக்கும் ஃபிரிட்ஜை நிறுத்தவில்லை. உஷ்ஷே வேண்டாம் என்றான். மௌனக் காட்சியின் அடியில் ஃபிரிட்ஜின் சத்தத்தையும் அவனே சேர்த்தான். டைரக்டர் என் பிரதியை வாங்கி, ஓரத்திலிருந்த 'மௌனம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'ஃபிரிட்ஜ் ஓடுகிறது' என்று எழுதினாள். என் ஒன்றரைப் பக்கம் திரும்ப வரவில்லை.

ஒரு சின்ன அரங்கில் முதல் காட்சி. முடிந்ததும் விமர்சகர் ஒருவர் எழுந்தார். கேமரா இடைவிடாமல் இடது பக்கம் நகர்வதில் இயக்குநரின் அரசியல் தெளிவாகத் தெரிகிறது என்றார். ஃபிரிட்ஜின் ஓசை நவீன மனிதனின் வெறுமை என்றார். டைரக்டர் நன்றி சொன்னாள். ஆபீஸ் நாற்காலியின் சக்கரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. படம் தொடங்குமுன், விளக்கு அணைகிற நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா. அவள் மடியில்—

நிறுத்திக்கொள்கிறேன்.

கழுத்தை நீட்டிவிட்டீர்கள், பார்த்தீர்களா? மருந்து கெட்டுப்போயிருந்ததா, இல்லையா? அக்காவின் மடியில் இருந்தது என்ன? கைப்பையா? இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டு இதைக் கேட்காமல் எப்படி என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் உங்கள் வாயில் இப்போது நிற்கும் கேள்வியைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பாருங்கள். அவளிடம் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்களே, அதேதான். விசேஷம் ஏதாவது உண்டா? நீங்களும் பாசமாகத்தான் கேட்கிறீர்கள்.

இதை அக்காவிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். வயிற்றுச் சத்தம் வந்த இடத்தில் மறுபடி சிரித்தாள். "எல்லாத்தையும் எழுதிக்கோ ரைட்டரே. அதை மட்டும் எழுதாத. ஒரு இடத்துலயாவது யாரும் கேக்காம இருக்கட்டும்" என்றாள்.

ஆகவே முடிவு உங்களிடம் இருக்கட்டும். எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அவளிடம் மட்டும் கேட்காதீர்கள். உஷ் கையைத் தூக்கிவிட்டான். இனி ஒரு நிமிடம் யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது, என்னையும் சேர்த்து.

ஃபிரிட்ஜ் ஓடுகிறது.